வடக்குச் சுவர் விளக்கு

ஜூன் 3, செவ்வாய்

ஆறரை மணிக்கு மேல் இந்த வீட்டில் நான் ஊமை. பகலில் அரை ஊமை.

மாசியில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தொண்டைக் கட்டியோடு குரல்வளையையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு துளை வைத்து, இனிமேல் மூச்சு இந்த வழியாகத்தான் என்றார்கள். மூச்சுக்கு வழி வைத்தவர்கள் பேச்சுக்கு வைக்கவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாள், மனசில் வருவதை எல்லாம் எழுதிப் பழகுங்கள் என்றார். தறி நூல் கடையில் கொடுத்த டைரி தை மாதத்திலிருந்து சும்மா கிடந்தது. இன்று எடுத்தேன். ஐந்து மாதப் பக்கங்கள் காலியாக இருப்பதைப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது.

எனக்கு வாய் இருக்கிறது, நாக்கு இருக்கிறது, உதடு இருக்கிறது. சத்தம் மட்டும் இல்லை. வெளிச்சம் இருந்தால் என் மனைவி வசந்தாமணி உதட்டைப் பார்த்துப் பாதியாவது புரிந்துகொள்வாள். பொழுது சாய்ந்தால் அதுவும் போச்சு. எங்கள் வீட்டு லட்சணம் அப்படி. ஹாலில் இருப்பது ஒரே ஒரு ட்யூப் லைட். அது சாமி அலமாரிக்கு மேலே நின்று முருகன் முகத்துக்கு மட்டும் வெளிச்சம் அடிக்கும். சமையலறையில் ஒரு குண்டு பல்பு, அதைச் சுற்றிக் கரி.

நேற்றுச் சாயங்காலம் சாப்பிடும்போது ஏதோ சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அவள் செல்போன் டார்ச்சைப் போட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தாள், செக்போஸ்ட்டில் லாரிக்காரனைப் பிடித்த மாதிரி. தட்டை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போய்விட்டேன். இன்றும் அங்கேதான் சாப்பிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மகள் ரேணுகா போன் பண்ணினாள். 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறாளாம். கோயமுத்தூரில் அவள் பிளாட்டில் எங்களுக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறாளாம். அங்கே வீடு முழுக்கப் பட்டப்பகல் மாதிரி வெளிச்சமாம். வசந்தாமணி மகளிடம் "பாக்கலாம் சாமி" என்றாள். வரமாட்டோம் என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தேன்.

எனக்கு இந்தச் சோமனூரை விட்டு நகரும் எண்ணமில்லை. தறி குடோனில் ஃபிட்டராக இருந்து, நாலு சுவர் எழுப்பி, ஓடு போட்ட வீடு இது. ஆனால் அவள் போகிறேன் என்று சொல்லிவிட்டால் நான் இங்கே யாரோடு இருப்பது? சுவரோடா பேசுவது?

சுவரில்தான் கை வைக்கப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை கார் வருவதற்குள் இந்த வீட்டுச் சுவரெல்லாம் விளக்கு மாட்டிவிடுவேன். தறி மோட்டாருக்கெல்லாம் ஒயர் இழுத்த கை இது. வேறு ஆள் வேண்டாம்.

ஜூன் 4, புதன்

சுவர்களை அளந்தேன். சமையலறையில் அடுப்புக்கு எதிரே ஒரு விளக்கு. நடையில் ஒன்று. பாத்ரூம் கதவுக்கு வெளியே ஒன்று. பின் அறையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச். அதை அழுத்தினால் சமையலறையில் ஒரு சின்ன சிவப்பு பல்பு எரியும், கூடவே ஒரு பஸ்ஸர் கத்தும். அவளைக் கூப்பிட அது போதும்.

ஹாலில் என் நாற்காலி தெற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. எதிரே வடக்குச் சுவரை ஒட்டி வசந்தாமணியின் கயிற்றுக் கட்டில். தெற்குச் சுவரில், என் நாற்காலிக்குப் பின்னால் தலைக்கு மேலே ஒரு விளக்கு என்று பென்சிலால் குறித்தேன். மெயின் பாக்ஸ் அந்தப் பக்கம்தான், ஒயர் மிச்சம். வடக்குச் சுவரில் மாட்டினால் என்ன என்று கேட்டாள். அந்தச் சுவர் ஈரம் ஊறி ஓதம் அடிக்கும், மாட்டினால் ஷாக் அடித்துத் தொலைக்கும் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவள் சிலேட்டைப் படித்தாள், சுவரைப் பார்த்தாள், அரிசி களையப் போய்விட்டாள்.

பாத்ரூமில் கண்ணாடி இருந்த இடத்தில் ஆணி மட்டும் நிற்கிறது. கண்ணாடியில் ரசம் போய்விட்டதால் சித்திரையிலேயே கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். நாற்பது வருஷமாக மழிக்கிற முகத்துக்குக் கண்ணாடி எதற்கு?

ஜூன் 6, வெள்ளி

எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன். கழுத்தைச் சுற்றித் துண்டு. வேண்டியதை எல்லாம் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டினேன். கடைக்காரர் புது ஆள். சீட்டைப் படித்தார், என் பேனாவைக் கேட்டு வாங்கினார், அதே சீட்டின் பின்பக்கம் "எத்தனை வாட்ஸ்?" என்று எழுதி என்னிடமே நீட்டினார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதைச் சொல்லக் காதைத் தொட்டுக் காட்டினேன். பாவம், காதும் போச்சாட்ட இருக்குது என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

சீட்டில் எழுதிய சாதா விளக்குகளோடு அவராகவே ஒரு பேன்சி விளக்கும் சேர்த்து எடுத்து வைத்தார். கறுப்புக் குழல் மாதிரி இருக்கிறது, மேலேயும் கீழேயும் வெளிச்சம் அடிக்கும். பெரிய வீடுகளில் எல்லாம் இதுதான் போடுகிறார்கள் என்று எழுதிக் காட்டினார். வேண்டாம் என்று எழுத எனக்குப் பொறுமை இல்லை. விளக்கு, ஒயர், சுவரில் ஒட்டிப் போகிற கேசிங் பட்டி, பிளாஸ்டிக் பிளக், திருகாணி எல்லாம் வாங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

துளை போடும் மிஷினைக் குடோன் முதலாளி மகனிடம் இரவல் வாங்கினேன். நனைத்த துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நடையில் முதல் துளை போட்டேன். சுவர் பழைய சுண்ணாம்புக் காரை. மாவு மாதிரி கொட்டியது. வெளியே காற்றுக் காலம் வேறு. வாசல் கதவு திறந்து கிடந்தது, ஒரே ஒரு வீச்சில் தூசி மொத்தமும் என் மேல். துண்டு விலகியிருந்தது எனக்குத் தெரியவில்லை.

மூச்சு போகிற வழி மூக்காக இருந்தால் தும்மித் தள்ளிவிடலாம். இது நேரே நெஞ்சுக்குப் போகிற வழி. இருமி இருமி ஸ்டூலை விட்டு எப்படி இறங்கினேன் என்றே தெரியவில்லை. வசந்தாமணி ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள். என்னை உட்கார வைத்து, துளையைத் துடைத்து, ஆவி பிடிக்க வைத்து, எல்லாம் செய்தாள். மிஷினை எடுத்துக்கொண்டு போய்த் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

இந்த வீட்டில் இப்போது நான் ஒரு துளைகூடப் போட முடியாத ஆம்பளை.

ஜூன் 8, ஞாயிறு

இருமல். ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 9, திங்கள்

காலையில் பின் அறையிலிருந்து வெளியே வந்தால், வசந்தாமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு ஸ்டூல் மேல் நிற்கிறாள். கையில் மிஷின். எங்கே ஓட்டை போடணும்னு காட்டுங்க, அதோட நீங்க வாசப்பக்கம் போயிருங்க என்றாள். நான் போகவில்லை. தூசி வராத பக்கமாக, நடைக் கதவுக்கு அந்தப் புறம் நின்றுகொண்டேன். நாலு வருஷமாகத் தறிக்குப் போகாத கைதான், ஆனால் மிஷினைப் பிடித்த பிடியில் நடுக்கம் இல்லை.

மிஷின் ஓட ஆரம்பித்ததும் வீடே அதிர்ந்தது. அவள் திரும்பிப் பார்த்து, போதுமா என்றாள். சத்தம் கேட்கவில்லை, உதடுதான் தெரிந்தது. இன்னும் ஒரு விரல்கடை உள்ளே போகட்டும் என்றேன். அவள் போட்டாள். சாய்கிறது, நேரே பிடி என்றேன். பிடித்தாள். அடுத்தது எங்கே என்றாள். ஒரு முழம் தள்ளி, பென்சில் குறி இருக்கிறது பார் என்றேன். குறி அழிஞ்சு போச்சு, நீங்க எழுதுற எழுத்து எப்பவும் அப்படித்தான் என்றாள். உன் கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணணும் என்றேன். அவள் சிரித்தாள்.

மிஷினை நிறுத்தினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிலேட்டு ஹாலில் கிடக்கிறது. நான் எதையும் எழுதவில்லை.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று இப்போது தோன்றுகிறது. குடோனில் நாற்பது தறி ஒன்றாக ஓடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அங்கே யாருக்குமே குரல் கிடையாது. எல்லோரும் வாயை அகலத் திறந்து, உதட்டைச் சுழித்து, புருவத்தைத் தூக்கி, கையையும் சேர்த்துப் பேசுவோம். சண்டை போடுவோம், கிண்டல் பண்ணுவோம், முதலாளியைத் திட்டுவோம். அவர் முன்னால் நிற்கும்போதே திட்டுவோம். வசந்தாமணியை நான் பார்த்ததே அங்கேதான். ஆறு தறி தள்ளி நிற்பாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குச் சரியாகத் தெரியாது, பேச்சு மட்டும் அத்தனையும் தெரியும்.

ஒரு தரம் பக்கத்துக் குடோன்காரர்கள் அவளைக் கூப்பிட்டார்கள். நல்ல தறிக்காரிக்கு எங்கேயும் இடம் உண்டு. அன்றைக்கு நான் ஆறு தறிக்கு இந்தப் பக்கம் நின்று, போறியா என்று கேட்டேன். பாவு பாதியில இருக்குதே, அறுத்துட்டா போவாங்க என்றாள். எங்கள் ஊரில் ஓடுகிற பாவு, அதாவது தறியில் ஏற்றிய நீளநூல், முழுசாக நெய்து இறங்காமல் தறிக்காரர் யாரும் வேலையை விட்டுப் போவதில்லை, அது ஒரு மரியாதை. ஆனால் அவள் அந்தப் பாவு இறங்கிய பிறகும் போகவில்லை. அடுத்த பாவு ஏற்றினாள், அதற்கடுத்த வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம்.

சாயங்காலம் மறுபடியும் பின் அறையில்தான் சாப்பிட்டேன். மிஷின் ஓடாதபோது அந்தப் பேச்சு வரவில்லை. வீடு அமைதியாக இருந்தால் எனக்குப் பழைய நினைப்பில் குரல் வரும் என்று தோன்றிவிடுகிறது. தொண்டையை முக்குகிறேன், வாய் சுருங்கிவிடுகிறது, அவளுக்குப் புரிவதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

மெயினை அணைத்துவிட்டு நடைக்கும் சமையலறைக்கும் ஒயர் இழுத்தேன். தூசி இல்லாத வேலை எனக்கு, தூசி உள்ள வேலை அவளுக்கு என்று பிரித்துக்கொண்டோம். கேசிங் பட்டி கோணாமல் வந்திருக்கிறது.

விளக்கு எரிந்தது. அணைத்தால் அணையவில்லை, மங்கலாக மினுங்கிக்கொண்டே இருந்தது. பார்த்தால் ஃபேஸ் ஒயருக்குக் கொடுக்க வேண்டிய சுவிட்சை நியூட்ரலுக்குக் கொடுத்திருக்கிறேன். கற்றுக்குட்டி செய்கிற தப்பு. மனசு எங்கேயோ இருந்தால் கை இப்படித்தான். மறுபடி மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, எல்லாவற்றையும் கழற்றி மாற்றினேன்.

ஜூன் 12, வியாழன்

ஹால் விளக்கு முடிந்தது. தெற்குச் சுவரில், என் நாற்காலிக்குப் பின்னால். சிவப்பு பல்பும் வேலை செய்கிறது. ஒரு தரம் அழுத்திப் பார்த்தேன், கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். சும்மாதான் என்றதும் கரண்டியைக் காட்டிவிட்டுப் போனாள்.

ஆறரைக்கு எல்லா விளக்கையும் போட்டேன். வீடு கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. நான் என் நாற்காலியில் உட்கார்ந்தேன், அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் முகம் எனக்கு நெற்றிச் சுருக்கம்கூட விடாமல் தெரிந்தது. மூக்குத்திக் கல் பளபளத்தது. நல்லா இருக்கா என்று கேட்டேன். என்னங்க என்றாள். மறுபடி கேட்டேன். அவள் கண்ணை இடுக்கினாள், கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தாள். வெளிச்சம் என் முதுகுப் பக்கம் இருந்தது. என் முகம் அவளுக்கு வெறும் நிழல்.

நெற்றியிலிருந்து கையை இறக்கினாள். பிறகு சொன்னாள்:

"எனக்கு எதுக்குங்க மாமா இத்தனை வெளிச்சம்? நானா பேச முடியாம இருக்கறேன்? நாலு மாசமா நானே கேட்டு நானே பதிலுஞ் சொல்லிக்கறேன். பைத்தியக்காரியாட்ட இருக்குதுங்க."

நான் சிலேட்டை எடுத்து வடக்குச் சுவர் ஓதம் என்று எழுதினேன். அவள் எழுந்து வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், என் உள்ளங்கையை வடக்குச் சுவரில் வைத்து அழுத்தினாள். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு விட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஜூன் 13, வெள்ளி

சுவர் காய்ந்துதான் இருந்தது. மழை இன்னும் சரியாக ஆரம்பிக்கவில்லை, அதனால் இருக்கலாம்.

ரேணுகா போன் பண்ணினாள். வசந்தாமணி போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ப் பேசினாள். இதுவரை என் முன்னால்தான் பேசுவாள்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. பொய் எழுதுவதற்கு டைரி எதற்கு?

கண்ணாடியில் ரசம் போகவில்லை. கண்ணாடி நன்றாகத்தான் இருக்கிறது. சித்திரையில் ஒரு நாள் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, வசந்தாமணி என்று சொல்லிப் பார்த்தேன். கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து திறந்து மூடுமே, அது மாதிரி இருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது, துளைக்குள்ளிருந்து சளி சத்தம் வந்தது, உதட்டோரம் எச்சில். குடோனில் என் ஃபிட்டர் பெல்ட்டைப் பார்த்து, என் மீசையைப் பார்த்து அவள் சிரித்தது எல்லாம் எனக்கு நினைவு வந்தது. இந்த மூஞ்சியையா அவள் தினமும் மூன்று வேளை எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும்?

துளையை அவள்தான் தினமும் துடைக்கிறாள். அதில் எனக்கு வெட்கம் இல்லை, அது வைத்தியம். நான் பேசுவதை அவள் பார்ப்பதில்தான் எனக்கு வெட்கம். அதனால்தான் டார்ச் அடித்தபோது எழுந்து போனேன். அதனால்தான் வெளிச்சத்தை எல்லாம் அவள் பக்கம் திருப்பி வைத்தேன். பேச வேண்டும் என்றும் ஆசை, பார்க்கக் கூடாது என்றும் ஆசை. இரண்டும் ஒரே வீட்டில் நடக்காது.

கார் வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வடக்குச் சுவரில் மாட்டியே தீருவது.

ஜூன் 16, திங்கள்

மிஷினை அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். வடக்குச் சுவரைக் காட்டினேன். ஓதம் அடிக்குமே என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள். நான் துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே போய், கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மிஷின் ஓடியது. முதல் துளை பாதியில் இருக்கும்போது, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் பேசும்போது மீன் மாதிரி இருக்கிறேன் என்றேன். சத்தத்தில் துணிச்சல் வந்துவிட்டது. இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் மிஷினை நிறுத்தவில்லை. தலையை மட்டும் திருப்பி, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சுழித்து, பழைய மாதிரி சொன்னாள்:

"குடோன்ல எல்லாருமே மீனுதானுங்க. நீங்க என்னைய எதைப் பாத்துக் கட்டுனீங்க?"

பிறகு மறுபடி சுவர் பக்கம் திரும்பி மீதித் துளையைப் போட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே நின்று அழுதேன். எனக்கு அழுகையிலும் சத்தம் வராது, ஒரு வசதி.

மத்தியானம் பேன்சி விளக்கை மாட்டினேன். உத்தரத்துக்கும் கட்டிலுக்கும் வெளிச்சம் அடித்தது, நடுவில் முகம் இருக்கிற உயரத்துக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு அழகு பார்க்கிற விளக்கு வேறு, ஆளைப் பார்க்கிற விளக்கு வேறு. கழற்றிப் போட்டுவிட்டு, பரணிலிருந்து குடோன் காலத்துத் தகரக் கூண்டு ஒன்றை எடுத்தேன். தறிக்கு முன்னால் நூல் அறுந்தால் தெரிவதற்காகத் தாழ்வாகத் தொங்கவிடுவது. துரு சுரண்டினேன், வாயை முன்பக்கம் பார்க்க வளைத்தேன், உள்ளே மஞ்சள் பல்பு. எர்த் ஒயரை மறக்காமல் தகரத்தோடு முறுக்கிவிட்டேன். சுவரில் ஒரு கேள்விக்குறி மாதிரி நிற்கிறது. அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஜூன் 17, செவ்வாய்

ஹாலில் சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு இல்லை என்றேன். முதல் தரத்திலேயே புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டு, அப்படித்தான் இருக்கும், டாக்டர் சொல்லியிருக்குது என்றாள். இதற்கா இத்தனை பாடுபட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

தொண்டையை முக்காமல் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன். மிஷின் ஓடுவதாக நினைத்துக்கொண்டு பேசினால் வருகிறது. நேற்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. குடோன் முதலாளி, ரேணுகா பிறந்த மழைநாள், பக்கத்து வீட்டு நாய். அவள் கேள்விக்கு அவளே பதில் சொல்லவில்லை. நான் சொல்லும்வரை காத்திருந்தாள்.

தெற்குச் சுவர் விளக்கு இனி எதற்கு, கழற்றிவிடுகிறேன் என்றேன். அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றாள். கரண்ட் செலவு என்றேன். இருக்கட்டும்ங்கறேன் என்றாள். விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்க வாய் வந்த பிறகும் கேட்கவில்லை. அவள் கிணற்றடியில் போனில் என்ன சொன்னாள் என்று.

ஜூன் 22, ஞாயிறு

ரேணுகா சாயங்காலம் வந்தாள். கார் வாசலில் நிற்கிறது, பின்பக்கம் காலியாக இருக்கிறது, எங்கள் பெட்டிகளுக்கு. வந்ததும் விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்துப் பார்த்தாள். நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க என்றாள். தகரக் கூண்டைப் பார்த்து மட்டும் முகத்தைச் சுளித்தாள். இதை ஏன் இங்கே மாட்டினீங்க, கோழிக் கூட்டுக்கு வைக்கிறதாட்ட இருக்குது என்றாள். அவள் அம்மா அதைக் கேட்காத மாதிரி இருந்தாள்.

தொண்டையில் வைத்துப் பேசுகிற மிஷின் ஒன்றும் கொண்டுவந்திருக்கிறாள். அழுத்திப் பிடித்துப் பேசினேன். வண்டு ரீங்காரம் மாதிரி ஒரு குரல் வந்தது. ரேணுகா கைதட்டினாள். நல்ல பிள்ளை, அவள் மேல் எனக்குக் கோபமே கிடையாது. கடைக்குப் போகும்போது உதவும் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தக் கடைக்காரருக்குத்தான் முதலில் காட்ட வேண்டும்.

பிறகு விஷயத்துக்கு வந்தாள்.

"விளக்கெல்லாம் சரிங்கப்பா. ராத்திரி ஏதாச்சும் ஒண்ணுன்னா எப்படீங்கப்பா கூப்புடுவீங்க?"

நான் பின் அறைக்குப் போய்ச் சுவிட்சை அழுத்தினேன். சமையலறையில் சிவப்பு பல்பு எரிவதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸர் கத்துவதையும் கேட்டுவிட்டு வந்தாள். கொஞ்சம் அடங்கினாள். ஆனாலும் விடவில்லை. அம்மா பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ சொல்லு. அன்னைக்குப் போன்ல, அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றேன்னியே. கேட்டியா?"

அவள் என்னிடம் கேட்கவில்லை. நானும் அவளிடம் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒரு வாரமாக நாய் வரைக்கும் பேசிவிட்டு இதை மட்டும் சுற்றிப் போயிருக்கிறோம்.

அப்போது மணி ஏழு தாண்டியிருந்தது. வெளியே இருட்டிவிட்டது. வடக்குச் சுவர் விளக்கு என் முகத்தில் நேரே அடித்துக்கொண்டிருந்தது. கழுத்துத் துண்டைச் சரிசெய்யக்கூட இல்லை. ரேணுகா கொண்டுவந்த மிஷின் மடியில் இருந்தது, அதைத் தொடவில்லை. எதிரே கட்டிலில் இருந்தவளைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, ஆறு தறி தள்ளி நிற்கிற மாதிரி கேட்டேன்.

போறியா?

வசந்தாமணிக்குக் குரல் இருக்கிறது. எனக்குக் காது இருக்கிறது. அவள் சத்தமாகவே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குரலை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, உதட்டைச் சுழித்து, புருவத்தைத் தூக்கிப் பேசினாள். தெற்குச் சுவரில் நான் தப்பாக மாட்டிய விளக்கு அவள் முகத்தில் முழுசாக விழுந்துகொண்டிருந்தது. ஒரு எழுத்துகூட எனக்குத் தப்பவில்லை.

பாவு பாதியில இருக்குதே. அறுத்துட்டா போவாங்க?

ரேணுகா எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. தனக்குக் காது அடைத்துப் போயிற்றோ என்று நினைத்த மாதிரி ஒரு முழி முழித்தாள்.

"அம்மா, என்ன சொன்னே?"

"தோசை ஊத்தட்டுமான்னு கேட்டேன் சாமி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வசந்தாமணி எழுந்து சமையலறைக்குப் போனாள்.

மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நாங்க இங்கியே இருந்துக்கறோம் சாமி என்று தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே அவள் அம்மா சொல்லிவிட்டாள். ரேணுகா கார் பின்பக்கத்தில் ஒரு சாக்குத் தேங்காயை ஏற்றிக்கொண்டு கோயமுத்தூருக்குப் போனாள். மாசம் ஒரு தரம் வருவாளாம். வரட்டும்.

ஜூன் 23, திங்கள்

பரணிலிருந்து பாத்ரூம் கண்ணாடியை இறக்கித் துடைத்து மாட்டினேன். அதற்கு மேலே ஒரு விளக்கு போட்டால் என்ன என்று வசந்தாமணி கேட்கிறாள். பேன்சி விளக்கு ஒன்று சும்மாதான் கிடக்கிறது. ஆனால் அது முகத்துக்கு உதவாது. குடோனில் இன்னொரு தகரக் கூண்டு இருக்கிறதா என்று நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.